பிஸ்மி சொல்லி உதிர்த்த திராட்சை

சுலைமான் காக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு காலி சர்பத் பாட்டில். லேபிளை ஊறவைத்து உரித்து, உள்ளே அரிசி போட்டுக் குலுக்கிக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். மூடியைத் தனியாகக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

நான் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தேன். வெள்ளை யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை.

"சிஸ்டர், நீங்க போட்டிருக்கிற திராட்சை ரசத்துல ஒரு பாட்டில் தாங்கோ. கதீஜாவுக்கு ரத்தம் பத்தலையாம். கறுப்புத் திராட்சை நல்லதுன்னு நீங்கதானே சொன்னியோ" என்றார்.

நான்தான் சொன்னேன். நர்ஸ் வேலைக்கு வந்த நாள் முதல் யார் என்ன கேட்டாலும் ஏதாவது ஒரு யோசனை சொல்லாமல் என் வாய் சும்மா இருந்ததில்லை. அதற்கு முந்தின வாரம் படியில் அவர் மனைவி கதீஜாவைப் பார்த்து, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, பேரீச்சை சாப்பிடு, கீரை சாப்பிடு, கறுப்புத் திராட்சை சாப்பிடு என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம்.

காக்கா கேட்ட பொருள், அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், ஸ்டோர் ரூமில் ஒரு பீங்கான் ஜாடியில் இருந்தது. ஜாடியின் வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தோம். உள்ளே இருந்தது ஒயின். அது காக்காவுக்குத் தெரியாது. அதற்கான பழம் முழுவதையும் மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, இரண்டு மாடி சுமந்து வந்து கொடுத்தவர் அவர்தான்.

இன்னும் பதமாகவில்லை காக்கா, பாட்டிலை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கமிட்டியின் சங்கடம்

பஹ்ரைனில் ஈசா டவுன் வீட்டைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று பிடித்த வீடு. கீழ்த்தளத்தில் காயல்பட்டினத்துக்காரரான சுலைமான் காக்காவும் கதீஜாவும்; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். தெருமுனையில் காக்காவின் மளிகைக் கடை. நாங்கள் நாசரேத் பக்கம். ஊரில் இருந்திருந்தால் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரம்தான். பழகுவதற்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

எங்கள் தமிழ்ச் சபைக்கு மனாமாவில் சொந்தக் கட்டடம் கிடையாது. கோயில் என்று நாங்கள் சொல்கிற தேவாலயம் ஒன்றில் வெள்ளிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் இடம் கொடுத்திருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் மலையாளிகள். பிரசங்கம் ஐந்து நிமிடம் நீண்டால் போதும், அவர்களுடைய ஆர்மோனியம் வாசலில் வந்து நிற்கும்.

எங்கள் வழிபாட்டில் அப்பத்தோடு ஒரு மிடறு கொடுக்கிற திருவிருந்துக்கு ஒயின் வேண்டும். பஹ்ரைனில் முஸ்லிம் அல்லாதவர்கள் வாங்கிக்கொள்ளக் கடை உண்டு. ஆனால் கமிட்டிப் பெரியவர்களுக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. சாராயக் கடை வரிசையில் நின்று வாங்கின பாட்டிலையா பீடத்தில் வைப்பது என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசினார்கள். முடிவில் என் கணவர் சாமுவேல் எழுந்து, எங்கள் வீட்டில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர்கள் குடும்பத்தார் மூன்று தலைமுறையாகக் கோயிலுக்கு அதைப் போட்டுக் கொடுத்தவர்கள். ஆபீசில் லெட்ஜர் எழுதுகிற மனிதருக்கு அன்று வந்த மிடுக்கைப் பார்க்க வேண்டும்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டோர் ரூம் என்னுடையது.

வீட்டில் இப்படிப் போடுவதற்கு அந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்று நான் சொன்னேன். நாம் என்ன காய்ச்சவா போகிறோம், ஊறத்தானே போடுகிறோம் என்றார். நம் ஊர்ப் போலீசார் ஊறல் என்று எதைச் சொல்வார்கள் என்பதை அவருக்கு நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அந்த வருட லீவில் மாமனார் வீட்டு ஜாடியைப் பழைய சேலைகளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே விமானத்தில் வந்தோம். கஸ்டம்ஸில் ஒருவர் துணியை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆச்சார்?" என்று கேட்டார். ஊறுகாய்தான், இனிமேல்தான் போட வேண்டும் என்று சாமுவேல் இந்தியில் சொன்னார். அந்த ஜாடியை வைத்து நாங்கள் சொன்ன முதல் பொய் அது. அப்போது சிரிப்பாக இருந்தது.

இருபத்தொரு நாள்

எங்கள் முறை எளிது. கறுப்புப் பழம், கொட்டை உள்ளது. ஈரானிலிருந்து வருவது. பழத்தைக் கழுவக் கூடாது. அதன் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிற மாவுதான் நொதிக்க வைக்கும் என்பது மாமனார் வீட்டுக் கொள்கை. ஆஸ்பத்திரியில் கை கழுவிக் கழுவியே தோல் உரிந்தவள் நான். கழுவாத பழத்தில் கை வைக்க முதலில் கூசியது. ஈரத்துணியால் தூசியை மட்டும் ஒற்றி எடுத்து, படுக்கை விரிப்பில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் ஒரு பகல் ஆறவிடுவோம்.

பிறகு காம்பிலிருந்து உதிர்த்து, கையால் பிசைந்து, பழமும் சீனியும் மாற்றி மாற்றி ஜாடியில் போட வேண்டும். ஒரு கைப்பிடி கோதுமை, நாலு கிராம்பு, ஒரு பட்டை. துணி கட்டி இருட்டில் வைத்துவிட்டு, தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிண்டிவிட வேண்டும். இருபத்தொரு நாள் கழித்து வடிகட்டி, இன்னும் இருபத்தொரு நாள் தெளியவிட வேண்டும். அக்டோபருக்கு முன்னால் தொடங்கினால் அந்த ஊர் வெயிலுக்கு ஒரே வாரத்தில் பொங்கிக் கெட்டுவிடும்.

முதல் வாரத்தில் காதை வைத்தால் ஜாடிக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் கேட்கும். பொரி நனைகிற சத்தம். வாசனை ஸ்டோர் ரூமைத் தாண்டி ஹாலுக்கு வரும். யாராவது வந்தால் நான் சாம்பிராணி போடுவேன்.

ஒரு சொல்லால் வந்தது

முதல் வருடம் இருபது கிலோ பழம் வேண்டும் என்று சாமுவேல் கடைக்குப் போய்ச் சொன்னபோது, இத்தனை எதுக்கு தம்பி என்று காக்கா கேட்டிருக்கிறார். திராட்சரசம் போட என்று இவர் சொல்லியிருக்கிறார்.

இதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை. எங்கள் வேதப் புத்தகத்தில் அதற்கு அதுதான் பெயர். கோயிலிலும் அதே பெயர்தான். ஒயின் என்கிற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் மற்ற தமிழர்களுக்குத் திராட்சை ரசம் என்றால் பழச்சாறு. காக்கா சாறு என்றே எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஆட்களின் பேச்சே அப்படித்தான். இன்றைக்கு ஐயர் வீட்டுக்கு வருகிறார், கோழி வேண்டும் என்று ஒருமுறை நான் காக்காவிடம் கேட்டு, அவர் திகைத்துப்போய்விட்டார். நாங்கள் போதகரை ஐயர் என்போம் என்று விளக்கிய பிறகுதான் கோழியை எடைபோட்டார்.

ரசத்தை மட்டும் விளக்கவில்லை. இரண்டாம் வருடம் காக்கா, உங்கள் ரசம் மட்டும் எப்படி இத்தனை நாள் தாங்குகிறது, நாங்கள் பிழிந்தால் ரெண்டே நாளில் புளித்துவிடுகிறதே என்று கேட்டார். அப்போதுதான் அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து சிரித்தோம். சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவர் பொறுக்குகிற மாதிரி பழம் எங்களுக்குப் பொறுக்க வராது என்பதும் ஒரு காரணம். முதல் வருடம் நடந்தது பிழை. இரண்டாம் வருடத்திலிருந்து அது பொய்.

காக்காவைப் பற்றி ஒன்று சொன்னால் இதன் கனம் உங்களுக்குப் புரியும். ஒருநாள் யாரோ ஒரு வாடிக்கையாளர் கடையில் பையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே பீர் டின்கள். காக்கா அந்தப் பையைத் தொடவே இல்லை. ஆபீஸ் விட்டு வந்த சாமுவேலைக் கூப்பிட்டு, தம்பி, இதைக் கொஞ்சம் வெளியே வைத்துவிடு, இதைச் சுமந்தாலும் நான் அல்லாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார். இவரும் எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தார். அதை என்னிடம் சொல்லும்போது சாமுவேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கதீஜா வந்து உட்கார்ந்தாள்

மூன்றாம் வருடம் பழம் உதிர்க்கிற அன்று கதவைத் தட்டிக்கொண்டு கதீஜா வந்தாள். கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பகலெல்லாம் தனியாக இருப்பவள். பேச்சுத் துணைக்கு நான்தான்.

கீழே சும்மாதானே இருக்கிறேன், நானும் உதிர்க்கிறேன் என்றாள். வேண்டாம் கதீஜா, உனக்கு முதுகு வலிக்கும் என்றேன். அவள் கேட்கவில்லை. தலையணை ஒன்றைச் சுவரோடு சாய்த்து உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் கொத்தை எடுக்கும்போது வாய்க்குள் பிஸ்மி சொன்னாள்.

அல்லாவின் பெயரைச் சொல்லித்தான் அவர்கள் எந்த வேலையையும் தொடங்குவார்கள். சோறு வடிக்கும்போதும் சொல்வாள், ஊசியில் நூல் கோக்கும்போதும் சொல்வாள். அன்று அதைக் கேட்டபோது என் கை நின்றுவிட்டது. இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு பழம் நசுங்காமல், ஒரு காம்பு விழாமல், பாதிக்கு மேல் அவள்தான் உதிர்த்தாள். சாறு பட்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன. போகும்போது, பதமானதும் எனக்கும் கொஞ்சம் தரணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரம்தான் காக்கா பாட்டிலோடு வந்தது.

சாமுவேலின் சாமர்த்தியம்

அன்று சாயங்காலம் பாட்டிலைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். இருப்பதைக் கொடுக்க முடியாது. கர்ப்பிணிப் பெண். அதற்கு மேல், அவள் மார்க்கத்தில் அது விலக்கு. இல்லை என்று சொல்லவும் முடியாது. பழமே அவர்கள் கொண்டுவந்தது.

சாமுவேல் மனாமா போய்ப் புதிதாக மூன்று கிலோ பழம் வாங்கிவந்தார். நன்றாகக் கழுவி, கொதிக்கவைத்து, பிழிந்து, சீனி போட்டு ஆறவைத்துப் பாட்டிலில் நிரப்பினார். இப்போது அவர்கள் நினைப்பதுதான் பாட்டிலில் இருக்கிறது, யாருக்கும் பாவம் இல்லை என்றார். கணக்கு எழுதுகிறவர்களுக்கு எல்லாம் நேராகிவிடும்.

கதீஜா குடித்தாள். ருசி பிரமாதம் என்றாள். வாரம் ஒருநாள் கூடி மார்க்கப் புத்தகமான கிதாபு ஓதுகிற பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். அவர்களில் இரண்டு பேருக்கு வேண்டுமாம். செய்முறையை எழுதிக் கொடுங்கள், ஊருக்கு உம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்றாள். பிரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் குடித்துவிடு என்று நான் சொன்னதும், உங்களுடையது மாசக்கணக்கில் தாங்குமே என்றாள். நான் ஏதோ உளறினேன்.

பிறகு அவள் படியேறும் சத்தத்துக்கே பயந்தேன். டூட்டியை நைட்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பகலில் தூங்குகிறேன் என்று கதவைத் திறக்காமல் இருந்தேன். அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார வேறு வீடு கிடையாது என்று தெரிந்தே அப்படிச் செய்தேன். இன்று எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரே வெள்ளிக்கிழமை

கிறிஸ்துமசுக்கு முந்திய வெள்ளி. ஒயின் அந்த வருடம் போல எந்த வருடமும் அமையவில்லை. கிண்ணத்தில் ஊற்றும்போது கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. கமிட்டிப் பெரியவர் ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு, சாமுவேல் தோளைத் தட்டினார்.

திருவிருந்துக்கு முன்னால் போதகர் ஒரு அழைப்பு வாசிப்பார். அடுத்தவரோடு சமாதானமாக இருப்பவர்கள் கிட்ட வரலாம் என்பது அதன் சாரம். சிறுபிள்ளையிலிருந்து கேட்டுக் கேட்டு மரத்துப்போன வரி. அன்று அது என் காதில் விழுந்தது. என் வரிசை எழுந்தது. நான் எழவில்லை. என்னைத் தாண்டிப் போன பெண்கள் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மூட்டு வலி என்று நினைத்திருப்பார்கள்.

சாமுவேல் பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னே போய் முழங்காலிட்டார்.

திரும்பும்போது காரில் சண்டை. பிரசவம் முடியட்டும், பெறகு பக்குவமாகச் சொல்லலாம் என்றார் அவர். பெறகு பெறகு என்றே மூன்று ஜாடி ஆகிவிட்டது, இன்றைக்கே போய்ச் சொல்கிறேன் என்றேன் நான். ஈசா டவுனில் இறங்கும்போது, நானும் வருகிறேன் என்றார்.

காக்காவும் ஜும்மா முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். சட்டையில் அத்தர் வாசனை. எங்களைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கதீஜா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். நான் உட்காரவில்லை.

"காக்கா, நாங்க போடுறது ஜூஸ் இல்ல. ஒயின். கோயிலுக்குப் போடுறோம். நீங்க வேற நெனச்சிட்டிருக்கீங்கன்னு போன வருசமே எங்களுக்குத் தெரியும். சொல்லல" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கதீஜா குடிச்சது?"

"அது வெறும் சாறு. தனியா வாங்கிக் கொதிக்கவச்சுப் பிழிஞ்சது. என் பிள்ளை மேல சத்தியம்."

"சத்தியம் வேணாம் சிஸ்டர். சொன்னாப் போதும்" என்றார்.

தெரியாமல் செய்ததற்கு அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், இனிமேல் என்னிடம் பழம் மட்டும் கேட்காதீர்கள் என்றார். கோபம் இல்லை. சாமுவேலைப் பார்த்து, ஒரு சொல்லுத்தானே தம்பி, அன்னைக்கே சொல்லியிருந்தா நான் சிரிச்சிட்டுப் போயிருப்பேனே என்றார். சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கதீஜாதான் கேட்டாள். அதுவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள்.

"நான் பிஸ்மி சொல்லித்தானேக்கா ஒக்காந்தேன். அப்பவாச்சும் எங் கையைப் புடிச்சிருக்கக் கூடாதா?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

பெருநாள்

பிறகு கதீஜா மேலே வரவில்லை. காக்கா கடையில் எப்போதும் போலச் சாமான் கொடுத்தார். சிஸ்டர் என்று கூப்பிட்டார். பாக்கிப் பேச்சு எதுவும் இல்லை. தை மாதம் போல அவளுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பிரசவமானது. பெண் குழந்தை. நான் வேறு வார்டு. டூட்டி முடிந்து போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே போகத் துணிச்சல் வரவில்லை.

ஒயின் போடுவதை நாங்கள் நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது எங்கள் வழிபாடு. அதில் எனக்கு வெட்கமில்லை. பின்னால் வந்த பருவத்தில் சாமுவேலே மார்க்கெட் போய்ப் பெட்டிகளைச் சுமந்துவந்தார். காக்கா தன் வாசலில் கிடந்த தொட்டில் வண்டியை நகர்த்தி அவருக்கு வழிவிட்டார். பெட்டியில் கை வைக்கவில்லை. பாதிப் பழம் புளிப்பு.

அதற்கெல்லாம் முன்னால், குழந்தை பிறந்த அந்த வருட நோன்புப் பெருநாள் வந்தது. காலையில் தெருவெல்லாம் புது உடுப்பும் அத்தரும். அன்று எனக்கு ஆஃப். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். கதீஜா நின்றிருந்தாள். தோளில் குழந்தை, கையில் மூடிய கிண்ணம். மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் எங்கள் படியேறியிருக்கிறாள். மூச்சு வாங்கியது.

நான் கிண்ணத்துக்குக் கை நீட்டினேன். அவள் கிண்ணத்தை என் கையில் கொடுக்கவில்லை. மூடியை மட்டும் திறந்து காட்டினாள். வட்டிலப்பம், இன்னும் சூடாக இருந்தது.

"முட்டை, தேங்காப்பாலு, சீனி, ஏலக்காய். மேல முந்திரிப்பருப்பு. வேற ஒண்ணும் இல்லக்கா" என்றாள். நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

நான் கதவருகிலேயே நின்று, விரலால் எடுத்து வாயில் போட்டேன். எனக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது. அவள் குழந்தையை என் தோளுக்கு மாற்றிவிட்டு, என்னைத் தாண்டி உள்ளே போய், தண்ணீர் வேண்டும் என்று எங்கள் பிரிட்ஜைத் திறந்தாள்.